ஆயுத பூஜையும் ஆரஞ்சு க்ளிப்பும்

எங்கள் அப்பா மெக்கானிக் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவர் பேச்சைக் கேட்பவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு ரசீது போட்டே ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜையன்று, காக்கி அரை டிராயரும் கிழிந்த பனியனுமாக வாசலில் ஸ்பேனர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், இன்ஜினைக் கண்டுபிடித்தவனே வந்து சந்தேகம் கேட்டாலும் "அப்புறம் வா" என்று சொல்லிவிடுகிற முகம் வந்துவிடும்.

மற்ற வீடுகளில் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வேலையை முடித்துவிடுவார்கள். அப்பாவுக்கு அது போதாது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி இறக்க வேண்டும், அதற்கு அடியில் ஒரு வருஷமாகச் சேர்ந்த புழுதியைத் துடைக்க வேண்டும், அங்கேயும் ஒரு சந்தனப் பொட்டு வைக்க வேண்டும். "வெளியில தொடைக்கறது தெருவுக்கு. சாமி உள்ளதான் பார்க்கும்" என்பார். சாமி பெட்ரோல் டேங்குக்கு அடியில் குனிந்து பார்க்கும் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

அவருடைய பழைய வண்டியில் இது பெரிய வித்தையும் இல்லை. பெட்ரோல் டேப்பை மூட வேண்டும், ரப்பர் ஓஸைப் பிடுங்க வேண்டும், டேங்கைத் தூக்க வேண்டும். அந்த வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவருக்கும் முட்டி வலி வந்து, டாக்டர் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது வாசலில் நிற்பது அவர் மகளான என் மோட்டார் சைக்கிள். புது மாதிரி. இதில் டேப்பே கிடையாது. பெட்ரோலைத் தள்ளும் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஓஸின் முனையில் பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று. அதில் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு க்ளிப். இரண்டு விரலால் க்ளிப்பை அழுத்திக்கொண்டு இழுத்தால் பூ மாதிரி வந்துவிடும். அழுத்தாமல் இழுத்தால் யானை இழுத்தாலும் வராது. உடையும்.

இதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் எனக்கு அந்த வண்டி ரொம்ப முக்கியமாக இருந்தது. அதுவரை ஒரு ஏற்றுமதி கம்பெனியின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜரோடு ஒரு நாள் முட்டிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு வந்தேன். பெண்களுக்கு கியர் வண்டி ஓட்டக் கற்றுத்தரப் போகிறேன் என்று சொன்னேன். முதல் வகுப்பு விஜயதசமி காலை, ஏரிக்கரைப் பக்கத்து மைதானத்தில். எங்கள் மேற்குத் தாம்பரத்துப் பெண்கள் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கலாம் என்று நாளைக் குறித்ததே அவர்கள்தான். அதில் ஒருவர் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதற்கென்றே புது ஷூ வாங்கியிருந்தார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெரியப்பா மகன், நான் அண்ணா என்று கூப்பிடும் மகானுபாவர், குடும்ப வாட்ஸப் குழுவில் சிரித்துச் சிரித்து அழும் முகங்களை வரிசையாக அனுப்பினார். "லேடீஸ் ஸ்கூட்டர்ல போனாலே ரோடு தாங்கல. இதுல கியர் வேறயா?" என்று அடியில் ஒரு கேள்வியும் போட்டிருந்தார். விஜயதசமியன்று வண்டி கிளம்பாவிட்டால் மூன்று பெண்களும் அபசகுனம் என்று கழன்றுகொள்வார்கள். அண்ணாவுக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்துவிடும். நான் போய் மறுபடி அந்த மேனேஜர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அதைவிட மூட்டை தூக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆயுத பூஜை காலையில் பூவும் பொரியும் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். தாம்பரம் மார்க்கெட்டில் அன்றைக்கு நடக்க இடமில்லை. பூசணிக்காயும் வாழைக்கன்றும் மனிதர்களை நசுக்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அப்பா நெற்றி விபூதி கரைந்து வழிய, கழற்றின டேங்கை மடியில் வைத்துக்கொண்டு, அதன் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டிங் பிளேயர். அதன் வாயில் உடைந்த பிளாஸ்டிக் துண்டு.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் டைட்டா இருந்துது. லைட்டா இழுத்தேன்."

"விரலை எதுக்கு அங்க வெச்சிருக்கீங்க?"

"எடுத்தா பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்."

முதலில் ஒரு தடவை பீய்ச்சி அடித்திருக்கிறது, அது உண்மை. உள்ளே தங்கியிருந்த அழுத்தம் அது. அதற்கப்புறம் பம்ப் ஓடாமல் ஒன்றும் வராது. அது தெரியாமல் மனிதர் அணையைக் காப்பாற்றுகிறவர் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. சுண்டலுக்குக் கடலை வெந்துகொண்டிருக்கிறது! "அம்மா, கேஸை அணை!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு அக்காவும் தன் கேஸை அணைத்துவிட்டாராம், பிறகு சொன்னார்.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாயில் வடிகட்டி கிடையாது. "உங்களை யாருப்பா கழட்டச் சொன்னது? இது என்ன உங்க காலத்து டப்பாவா? நாளைக்கு என் பொழைப்பே இதுல இருக்கு. இனிமே என் வண்டி மேல கை வைக்காதீங்க. தொடவே தொடாதீங்க!" என்று கத்தினேன். தெருவே கேட்டது. அப்பா விரலை மெதுவாக எடுத்தார். ஒன்றும் பீய்ச்சவில்லை. அது அவருக்கு இன்னும் அவமானமாகப் போய்விட்டது.

சும்மா இருக்க முடியாமல் உடைந்த துண்டை உடனே ஒட்டும் பசையால் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது. ஓஸையும் பம்ப் ஒயரையும் மாட்டி சாவியைத் திருப்பினேன். பம்ப் ஒரு தடவை 'உய்ங்' என்றது. துண்டு பறந்துபோய்த் துளசிச் செடியில் விழுந்தது, பின்னாலேயே பெட்ரோலும் போனது. அம்மா துளசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வேறு கனெக்டர் வேண்டும். மாடி வீட்டு அக்கா தன் ஸ்கூட்டரைக் கொடுத்தார். அதற்குப் பூஜை முடிந்திருந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை. "கன்னை மட்டும் அவுத்துடாதே, நாளைக்குத்தான் அவுக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியே கிளம்பினேன். வாழை இலை காற்றில் படபடவென்று முகத்தில் அறைய, கல்யாணப் பந்தல் ஒன்று தானே ஓடிப்போகிற மாதிரி முடிச்சூர் சாலையில் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று என்ன நாள் என்பது முதல் மெக்கானிக் கடை வாசலில்தான் எனக்கு உறைத்தது. கடை முழுக்கச் சீரியல் பல்பு. உள்ளே சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன.

"அக்கா, இன்னிக்கு ஸ்பேனர்லாம் சாமியாண்ட கீது" என்றார் மெக்கானிக். சலவைச் சட்டையில் அவரையே அடையாளம் தெரியவில்லை. "எடுத்தா வூட்ல சோறு கெடைக்காது. நாளிக்கு பூஜை எடுத்துட்டு, ஒரு பத்து பத்தரைக்கா வண்டிய இட்டா."

"காலையிலேயே எனக்கு வண்டி வேணும் அண்ணா."

"பேஜாரு புடிச்ச நாள்ல வந்து கேக்கறியே அக்கா" என்று வருத்தப்பட்டு, ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்.

ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த பெரிய சர்வீஸ் சென்டரில் பட்டு வேட்டி கட்டின மேனேஜர் இன்னும் நன்றாகப் பேசினார். "மேம், அந்த கனெக்டர் தனியா வராது. ஓஸோட சேர்த்து ஃபுல் செட்தான். ஆர்டர் போட்டா ஒரு வாரத்துல வந்துடும்." அவரும் பொரி கொடுத்தார். இதில் வெல்லம் கொஞ்சம் அதிகம்.

அங்கே தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த ஒருவர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவர்கள் பித்தளையில் இணைப்புக் குழாய் கடைந்து தருவார்கள் என்று சொன்னார். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவர்களுக்கும் அன்று ஆயுத பூஜைதான் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. திருநீர்மலைப் பக்கமாகப் போகும்போது மலை மேல் படுத்திருக்கும் பெருமாளுக்கு ஸ்கூட்டரிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

தொழிற்பேட்டையில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததே இல்லை. ஒரு மிஷின் சத்தம் இல்லை. நான் போன பட்டறையில் லேத்துக்கு மாலை போட்டு, இரும்பைப் பிடிக்கும் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கவ்வக் கொடுத்திருந்தார்கள். முதலாளி உடைந்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பித்தளையில ஒண்ணு போட்டா ஜென்மத்துக்கும் உடையாது மேடம்" என்றார். பிறகு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "ஆனா நாளைக்குத்தான்." கேசரி கொடுத்தார்கள். கோபத்தோடு சாப்பிட்டேன். நல்ல கேசரி.

குன்றத்தூர் சாலையில் திரும்பி வரும்போதுதான் அந்தக் கடையைப் பார்த்தேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது, மேலே பெயர்ப்பலகையில் சிலுவை. ஆஹா, இந்த மனிதருக்கு ஆயுத பூஜை கிடையாது, ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு உள்ளே போனேன். மாதா படத்துக்குக் கீழே ஸ்பேனர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம்.

"அண்ணா, நீங்களுமா?"

பெரிய மீசை வைத்திருந்த மெக்கானிக் கூச்சமாகச் சிரித்தார். "இன்னா மேடம் பண்றது. கஸ்டமருங்க பொரி எங்கன்னு கேக்கறாங்கோ. ஒரு வருசம் வுட்டுட்டேன். அந்த வருசம் பூரா வியாபாரம் டல்லு. என் வூட்டுக்காரி சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து, இந்த வருசம் பூஜை போட்டுடுயான்னுது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா, கட்டிங் பிளேயர், மூன்று பெண்கள், புது ஷூ, வாட்ஸப் அண்ணா, ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புது ஷூவுக்கு மட்டும் 'ப்ச்' என்றார். பிறகு கடையின் பின்பக்கம் கையைக் காட்டினார். விபத்தில் முன்பாகம் நசுங்கிய வண்டி ஒன்று அங்கே நின்றது. என் வண்டியின் உடன்பிறப்பு. டேங்க் ஏற்கெனவே இறக்கித் தரையில் இருந்தது. அந்தக் கோலத்திலும் அதற்கு ஒரு மாலை போட்டிருந்தார்கள்.

"அதுல அந்த ஓஸு முழுசா கீது. ஓனரு பார்ட்ஸ் பார்ட்ஸா குடுத்துடச் சொல்லிட்டான். ஆனா நான் ஆயுதத்தத் தொட மாட்டேன். நீ வெறுங்கையால கழட்டினா எடுத்துக்கோ. காசெல்லாம் அப்பால பாத்துக்கலாம், கல்லாவும் பூஜைல கீது." சொல்லிவிட்டு, சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டு போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

குனிந்தேன். ஆரஞ்சு க்ளிப். இரண்டு விரலால் அழுத்தி இழுத்தேன். பூ மாதிரி வந்தது. இன்ஜின் பக்கத்து முனையும் அதே மாதிரி. இவ்வளவுதான். இதற்குத்தான் காலையிலிருந்து வாழைமரம் கட்டிக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். மீசைக்காரருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டேன். அவர் திரும்பாமலே பின்பக்கமாகக் கையை நீட்டி ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்.

ஓஸும் பொரி மூட்டைகளுமாக நான் வீட்டுக்குள் நுழையும்போது சாயங்காலமாகியிருந்தது. கற்பூர வாசனை வந்தது. நல்ல நேரம் போகிறது என்று அம்மா பூஜையை முடித்துவிட்டிருந்தாள். அப்பாவின் ஸ்பேனர்கள், நான் சொன்ன அந்தக் கட்டிங் பிளேயர் உட்பட, கழுவித் துடைத்துக் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. பார்சல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அப்பா ஒரு வருஷம்கூட பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைக்கு முன்னால் எடுத்ததில்லை. ஒரு தடவை பாத்ரூம் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் ஓடியபோதும் துணியைச் சுற்றிக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

நான் வாசலில் போய் புது ஓஸை மாட்டினேன். இரண்டு முனையும் 'டிக்' என்று உட்கார்ந்தது. டேங்கைத் தூக்கி வைத்தேன். பின்னால் இருக்கும் போல்ட்டைக் கையாலேயே திருகினேன். பாதிக்கு மேல் போகவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாமல் அது இறுகாது. இறுகாத டேங்கோடு, வண்டியே ஓட்டத் தெரியாத ஒரு பெண்ணை எப்படி ஏற்றுவது?

காலையில் பூஜையை எடுத்து வைத்துவிட்டு ஸ்பேனரைக் கொடு என்று அம்மாவிடம் கேட்டேன். "காலைல மறுபூஜை பண்ணி, பால் நைவேத்யம் வெச்சு, அதுக்கப்புறம்தான். ஏழரை ஆயிடும்" என்றாள். வகுப்பு ஆறு மணிக்கு. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாட்ஸப்பில் அண்ணா ஒரு கேள்விக்குறி அனுப்பியிருந்தார்.

அப்பா காலையிலிருந்து அறையை விட்டே வரவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். இப்போது வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகப் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாரும்மா" என்றார்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "நீங்க சொன்னா உடனே திரும்பிடுவாளாக்கும்" என்று சொல்லிவிட்டு, சரஸ்வதி படத்தைத் தூக்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். வாசலுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "நீயே டைட் பண்ணிக்கோ" என்றார். "நான் தொடல."

அந்த நேரத்தில் அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. போல்ட்டை இறுக்கினேன். ஸ்பேனரில் இருந்த குங்குமம் என் விரலிலும் போல்ட்டிலும் ஒட்டியது. அப்பா தள்ளி நின்று டார்ச் அடித்தார், இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பினேன். பம்ப் 'உய்ங்' என்றது. ஒன்றும் பறக்கவில்லை. ஒரு உதையில் வண்டி கிளம்பியது. உள்ளே சரஸ்வதி நிமிர்ந்து நேராகப் பார்க்கும் சத்தமும் கேட்டது. அம்மா படத்தைக் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தாள்.

மறுநாள் காலை மூன்று பெண்களில் ஒருவர் வரவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். நர்ஸ்தான் முதலில் உட்கார்ந்தார். சீட்டுக்கு முன்னால் குனிந்து பார்த்து, "போல்ட்டுக்கெல்லாம்கூடவா மேடம் குங்குமம் வைப்பீங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றேன்.

அப்பாவும் வந்திருந்தார். கூப்பிடவில்லை, தானாகவே நடந்து வந்து மைதானத்து ஓரத்தில் நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். அவ்வப்போது மூக்கை மட்டும் தூக்கி, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் நின்று கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் மெதுவாக விடவில்லை. வண்டி ஒரு துள்ளு துள்ளி என்னைத் தாண்டி, அப்பா நின்ற பக்கமாக ஆடிக்கொண்டு போய்ச் சாய ஆரம்பித்தது. அவருக்கு ஒரு கை தூரம்தான். நீட்டினால் பிடித்துவிடலாம். அவர் கைகள் முன்னால் வந்தன. வந்தவை அப்படியே நின்றன. என்னைப் பார்த்தார்.

"தொடலாமாம்மா?" என்றார்.

சாமியின் கட்டளையை மீறிவிட்டு வந்த மனிதர், நான் கத்தின ஒரு வார்த்தையை மீறாமல் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கத்தினேன்.

"கேட்டுக்கிட்டு நிக்கறீங்களே, அவங்க விழப்போறாங்க, புடிங்கப்பா!"

பிடித்தார்.